லூன் பறவை: காணலும் படம்பிடித்தலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கனடாவில் வாழும் தமிழர் எவரும் அந்நாட்டின் ஒரு டாலர் நாணயத்தைக் கையில் வாங்காமல் இருந்திருக்க முடியாது. அதன் ஒருபுறத்தில் ஒரு நீர்ப்பறவை ஏரியில் அமைதியாக மிதக்கிறது. அதுவே லூன். பறவையின் பெயரால் மக்கள் நாணயத்தையே 'லூனி' என்று வழங்குகின்றனர். 1987இல் வெளியான அந்நாணயத்தில் முதலில் பொறிக்கப்படவிருந்தது தோணியில் செல்லும் பழங்கால வணிகரின் உருவமே. அதற்கான மூல அச்சுகள் 1986 நவம்பரில் வின்னிபெக் நகருக்குச் செல்லும் வழியில் காணாமற்போயின. கள்ள நாணயம் தோன்றக்கூடும் என்ற அச்சத்தால் அவ்வுருவம் கைவிடப்பட்டது. ராபர்ட் ரால்ஃப் கார்மைக்கேல் என்னும் ஓவியர் வரைந்த லூன் அவ்விடத்தைப் பெற்றது.

இவ்வாறு தற்செயலாக மக்கள் கைக்கு வந்த பறவையை அதன் ஏரியில் நேரிற் கண்டவர் சிலர். கண்டவர்களுள்ளும், அது அவ்வேளையில் என்ன செய்துகொண்டிருந்தது என்று அறிந்தவர் மிகச் சிலர். காண்பதற்கும் அறிவதற்கும் இடையே உள்ள அந்தத் தொலைவே இவ்வுரையின் பொருள். கவிதை எழுதுவோருக்கும் அத்தொலைவு புதியதன்று.

லூனுக்குத் தமிழில் பெயரில்லை. தமிழகத்து நீர்நிலைகளுக்கும் ஈழத்து நீர்நிலைகளுக்கும் அது வருவதில்லை. ஊர்க்குளங்களில் காணப்படும் முக்குளிப்பான் வேறு குடும்பத்தைச் சார்ந்தது. லூன் இனங்கள் ஐந்து. அனைத்தும் வடபுலக் குளிர்நாட்டு நீர்நிலைகளில் முட்டையிடுபவை. இங்குப் பேசப்படுவது கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கோடையைக் கழிக்கும் பெரிய லூன். மின்னசோட்டா மாநிலம் 1961இல் அதனைத் தன் மாநிலப் பறவையாக ஏற்றது.

இப்பறவையின் உடலமைப்பு முழுவதும் நீருக்குள் மூழ்குவதற்கென அமைந்தது. பறவைகள் பலவற்றின் எலும்புகளில் காற்றறைகள் உண்டு. லூனின் எலும்புகள் பெரும்பாலும் திண்மையானவை. கால்கள் உடலின் கடைக்கோடியில் அமைந்துள்ளன. நீருக்குள் அவை வலிய துடுப்புகள். நிலத்திலோ அவற்றால் பயனில்லை. கரையேறிய லூன் மார்பைத் தரையில் உந்தித்தான் நகரும். ஆகவே அது நீரோரத்தை விட்டு விலகிக் கூடு கட்டுவதில்லை. பறந்தெழவும் நீர்ப்பரப்பின்மேல் நெடுந்தூரம் ஓடவேண்டும். சிறு குளத்தில் தவறி இறங்கிவிட்டால் மீண்டும் எழ இயலாமற் போவதுண்டு. ஆழத்தைப் பெறுவதற்காக நிலத்தையும், ஒருவகையில் வானத்தையும் விட்டுக்கொடுத்த பறவை அது.

ஆங்கில இலக்கியத்தில் லூனைப் பற்றிய புகழ்பெற்ற பகுதி ஹென்றி டேவிட் தோரோ 1854இல் வெளியிட்ட 'வால்டன்' என்னும் நூலில் உள்ளது. மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்டன் குளக்கரையில் 1845 முதல் 1847 வரை குடிலமைத்து வாழ்ந்தவர் அவர். இலையுதிர் காலத்தில் ஒருநாள் படகில் சென்று ஒரு லூனை நெருங்க முயல்கிறார். பறவை மூழ்குகிறது. எங்கே எழும் என்று கணித்து அவர் துடுப்புப் போட, அது வேறு திசையில் எழுகிறது. எழும்போதெல்லாம் சிரிப்பதுபோல ஒலிக்கிறது. தம்மை ஏளனம் செய்து சிரிப்பதாகவே அவர் எழுதுகிறார். ஆட்டம் தொடர்கிறது, இறுதியில் காற்றும் மழையும் வந்து அதனை முடித்துவைக்கின்றன.

அப்பகுதியின் அழகு மறுக்கத்தக்கதன்று. அவ்வூர் வேட்டைக்காரர்கள் துப்பாக்கியுடன் லூனைத் தேடி வந்த காலத்தில், வெறுங்கையோடு அதனைத் தொடர்ந்த ஒருவரின் எழுத்து அது. பறவையின் அறிவை அவர் வியக்கிறார். அதற்கு ஊறு செய்ய நினைக்கவில்லை. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. அந்தப் பறவை சிரித்ததா?

அவ்வினாவிற்கு விடை காண நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆய்வாளர்கள் ஏரிக்கரைகளில் ஒலிப்பதிவுக் கருவிகளுடன் இரவுகளைக் கழித்தனர். ஜூடித் மெக்கின்டயர் என்னும் அம்மையார் பல்லாண்டுகள் கவனித்தவற்றை 1988இல் நூலாக்கினார். லூனின் குரல்கள் நான்கு என்பது தெளிவாயிற்று. இணையும் குஞ்சும் அருகிருக்கையில் எழுப்புவது மென்குரல். பிரிந்து நிற்கும் பறவைகள் ஒன்றையொன்று தேடி அழைப்பது நெடுங்குரல். இரவில் ஏரி கடந்து ஏரிக்குக் கேட்பது. ஆண் மட்டுமே எழுப்பி, இது தன் இடம் என்று அறிவிப்பது எல்லைக்குரல். நான்காவதே தோரோ சிரிப்பெனக் கேட்ட நடுங்குகுரல். அது பெரும்பாலும் கலக்கத்தின் குரல். வில்லியம் பார்க்லோ என்னும் ஆய்வாளர் 1979இல் வெளியிட்ட கட்டுரையில், அக்குரலுக்குள்ளேயே படிநிலைகள் உண்டெனவும், கலக்கம் மிக மிக ஒலியின் சுருதி உயர்கிறதெனவும் காட்டினார்.

அவ்வாறாயின் வால்டன் குளத்தில் நிகழ்ந்தது விளையாட்டன்று. துரத்தப்பட்ட உயிர் ஒன்று, எழுந்த இடந்தோறும் படகைக் கண்டு, தன் அச்சத்தை அறிவித்துக்கொண்டிருந்தது. அதனைப் பெரிதும் நேசித்த ஒருவர் அதனைச் சிரிப்பெனக் கேட்டார். நேசம் மட்டும் செவியைத் திருத்திவிடுவதில்லை என்பதற்கு இதனினும் மென்மையான சான்று வேறொன்று கிடைத்தல் அரிது.

செவிக்கு நேர்ந்த பிழை கண்ணுக்கும் நேரும். லூனைப் படம்பிடிப்பதை ஒரு தவமாகக் கொண்டோர் வட அமெரிக்காவில் பலர் உள்ளனர். அப்பணியின் அருமை பறவையின் நிறத்திலேயே தொடங்குகிறது. தலை கருமை, மார்பு வெண்மை, முதுகில் வெண்புள்ளிக் கட்டங்கள். வெண்மைக்கு ஒளியளவு வைத்தால் தலை இருளில் மறையும். தலைக்கு வைத்தால் மார்பு வெளிறிப்போகும். செந்நிறக் கண்ணில் ஒரு துளி ஒளி விழாவிடில் முகத்தில் உயிரே இராது. எனவே வெயில் ஏறுமுன், மூடுபனி விலகும் வேளையில், சிறு தோணியில் தாழ அமர்ந்து, கருவியை நீர்மட்டத்திற்கு இறக்கிக் காத்திருக்கின்றனர். பறவை மூழ்கும், பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் எழும், எங்கே எழும் என்று சொல்ல இயலாது. தோரோவின் இடர்ப்பாடு இன்றும் அப்படியே இருக்கிறது.

இவர்கள் விரும்பித் தேடும் காட்சிகளுள் முதன்மையானது, லூன் நீரின்மேல் நிமிர்ந்தெழுந்து வெண்மார்பு தோன்றச் சிறகு விரிப்பது. இங்கே இரண்டு நிழற்படங்களை மனத்தில் அருகருகே வைத்து நோக்க வேண்டும். இரண்டிலும் பறவை நிமிர்ந்து நிற்கிறது. இரண்டிலும் சிறகுகள் விரிந்துள்ளன. இரண்டிலும் நீர்த்துளிகள் ஒளிர்கின்றன. பறவையை அறியாதவர் கண்ணுக்கு அவற்றிடையே வேறுபாடில்லை.

முதற்படத்தில் பறவை நீராடி, அலகால் இறகுகளைக் கோதி முடித்து, உடலை உயர்த்திச் சிறகுகளை உதறுகிறது. ஓரிரு நொடிகளில் அது முடியும். பின்னர்ப் பறவை மீண்டும் நீரில் அமர்ந்து மிதக்கும். அது நலத்தின் அடையாளம்.

இரண்டாம் படத்தில் பறவையின் கால்கள் நீரை ஓயாது கலக்குகின்றன. உடல் நிமிர்ந்தபடியே நீரின்மேல் நகர்கிறது. கூடவே நடுங்குகுரலோ எல்லைக்குரலோ எழுகிறது. படத்தில் அக்குரல் பதிவாவதில்லை. பறவை நோக்குவோர் இதனைப் 'பென்குயின் நடனம்' என்பர். பெயரில் நடனம் இருப்பினும் நிகழ்வது நடனமன்று. கூட்டையோ குஞ்சையோ எவரோ நெருங்கிவிட்டனர் என்று கண்ட தாயோ தந்தையோ, தன் ஆற்றலனைத்தையும் செலவிட்டு அவரை அகற்ற முயல்கிறது. பெரும்பாலான வேளைகளில் அந்த 'எவரோ' படகில் வந்த மனிதரே. கருவியை இயக்கியவர் தாமே அவ்வச்சத்திற்குக் காரணம் என்பதை அறியாமல், ஆனந்த நடனம் என்று தலைப்பிட்டு அப்படத்தைச் சுவரில் மாட்டுவதுண்டு.

கூட்டில் அமர்ந்த லூனுக்கும் இதுவே பொருந்தும். கழுத்தை நீட்டித் தலையை நீரோடு படியுமாறு தாழ்த்தி அது கிடக்கும் காட்சி, ஓய்வெனத் தோன்றும். அது ஒளிந்துகொள்ளும் முயற்சி. இன்னும் நெருங்கினால் அடுத்த நொடியில் கூட்டைவிட்டு நீரில் வழுகிச் செல்லும். கூட்டில் வழக்கமாக இரண்டு முட்டைகள். ஏறத்தாழ 4 வாரம் பெற்றோர் இருவரும் மாறி மாறி அடைகாக்க வேண்டும். அவை நீங்கிய வேளையில் முட்டை குளிரும். காக்கையினமோ கடற்புறாவோ கொண்டுபோகும். விரைந்து செல்லும் இயந்திரப் படகின் அலையே நீரோரக் கூட்டிலிருந்து முட்டையை அடித்துச் செல்லப் போதும். இதனாலேயே குறைந்தது 150 அடித் தொலைவு காக்குமாறு லூன் பாதுகாப்பு அமைப்பினர் வேண்டுகின்றனர். பறவையின் தலை தாழ்ந்தாலோ குரல் நடுங்கினாலோ அத்தொலைவும் போதாது என்பது பொருள்.

மறுபுறத்துப் பிழையும் உண்டு. லூன் சில வேளைகளில் ஒரு காலை நீருக்கு மேலே தூக்கி ஆட்டும். ஒருக்களித்துப் படுத்து வெண்வயிறு தோன்ற இறகு கோதும். காலொடிந்த பறவை என்றும், இறக்கும் பறவை என்றும் கருதி, இரக்கமுள்ளோர் அதனைக் காப்பாற்றப் படகெடுத்து விரைவர். அச்சத்தை நடனமென்று கொண்டவரும், நலத்தைத் துன்பமென்று கொண்டவரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். இருவரும் தம் உள்ளத்தைப் பறவையின்மேல் எழுதிவிட்டனர்.

இவ்விடத்தில், தமிழ்க் கவிதை மரபினருக்கு நெருக்கமான ஒரு செய்தியைக் கருதலாம். இணைபிரியா அன்புக்கு அன்றிலைக் காட்டுவது தமிழ் வழக்கு. வட அமெரிக்க மக்கள் அந்த இடத்தில் லூனை வைத்திருந்தனர். ஆண்டுதோறும் அதே ஏரிக்கு அதே இணை திரும்புகிறது என்றும், வாழ்நாள் முழுதும் பிரிவதில்லை என்றும் நம்பினர். கண்ணால் மட்டும் பார்த்தவர்க்கு அவ்வாறே தோன்றியது. ஏனெனில் ஒரு லூனை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது அரிது. கால்களில் வண்ண வளையங்கள் இட்ட பிறகே உண்மை வெளிப்பட்டது. விஸ்கான்சின் மாநிலத்தின் வடபகுதியில் 1993 முதல் வால்டர் பைப்பர் நடத்திவரும் ஆய்வு இதில் குறிப்பிடத்தக்கது. ஏரியில் வாழும் இணையில் ஒன்றை வெளியிலிருந்து வரும் பறவை தாக்கி அகற்றுவது அங்கே அடிக்கடி நிகழ்கிறது. ஆண்களுக்கிடையிலான போர் சில வேளைகளில் மரணத்தில் முடிகிறது. எஞ்சிய பறவை பிரிவாற்றாது துறந்து செல்வதில்லை. வென்று வந்ததோடு இணைந்து அவ்வேரியிலேயே வாழ்கிறது.

லூனின் பற்று இணையின்மேல் கொண்டதைக் காட்டிலும் இடத்தின்மேல் கொண்டது. கூடு அமையும் இடத்தைத் தேர்வது ஆண். குஞ்சு பொரித்த இடத்தை நினைவிற்கொண்டு மறு ஆண்டும் அங்கேயே அமைக்கிறது. ஓர் ஆண் வேறு ஏரிக்கு இடம்பெயர நேர்ந்தால் தன் எல்லைக்குரலையே மாற்றிக்கொள்கிறது என்று பைப்பர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டனர். இடம் மாறியபின் குரல் மாறும் பறவையைப் பற்றிப் புலம்பெயர்ந்த கவிஞருக்கு விளக்கம் எதுவும் தேவையில்லை.

பழைய நம்பிக்கை முற்றிலும் பொய்யென்றும் சொல்லிவிட முடியாது. மிச்சிகன் மாநிலத்துச் செனி வனவிலங்குக் காப்பிடத்தில், 1987இல் குஞ்சாக வளையமிடப்பட்ட ஓர் ஆணும் 1990இல் வளையமிடப்பட்ட ஒரு பெண்ணும் 1997 முதல் இணையாக வாழ்ந்து முப்பதுக்கு மேற்பட்ட குஞ்சுகளை ஈன்றன. 2022இல் அவை பிரிந்தன. வேறு இணைகளுடன் காணப்பட்டபோது வருந்தியோர் மனிதர்களே. இருபத்தைந்து ஆண்டு ஒற்றுமையும் உண்மை. அதன்பின் வந்த பிரிவும் உண்மை. வளையமில்லாதிருந்தால் முன்னதை எவரும் மெய்ப்பித்திருக்க முடியாது. பின்னதை எவரும் அறிந்திருக்கவும் முடியாது.

கூர்ந்து காண்பது அழகைக் குறைத்துவிடுமோ என்று அஞ்சுவோர்க்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். 2019ஆம் ஆண்டுக் கோடையில், பைப்பரின் ஆய்வுக்குட்பட்ட ஏரியொன்றில், ஒரு லூன் இணை காட்டுவாத்துக் குஞ்சு ஒன்றை வளர்த்தது. லூன்கள் வாத்துகளை விரட்டும் இயல்பின. ஆனால் அக்குஞ்சு லூனின் முதுகில் ஏறிச் சென்றது; லூன் ஊட்டிய மீனை உண்டது; வாத்தினம் வழக்கமாகச் செய்யாதவாறு நீருக்குள் மூழ்கவும் செய்தது. கூட்டில் கிடைத்த ஓட்டுத் துண்டுகள், அவ்விணை தன் குஞ்சு ஒன்றைப் பொரித்து இழந்திருந்ததைக் காட்டின. எந்தக் கவிஞரும் துணிந்து கற்பனை செய்திராத இக்காட்சியை, பொறுமையாகத் தொலைவில் இருந்த ஒரு கருவி பதிவு செய்தது. அப்படங்கள் பொருள் பெற்றதற்குக் காரணம், அவ்வேரியின் பறவைகளைப் பெயர் சொல்லும் அளவுக்கு அறிந்தோர் அங்கே இருந்தமையே.

லூனைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களுள் மிகுந்த பயன் விளைத்தது, சுவரில் மாட்டத்தக்கது அன்று. அது எக்ஸ்-கதிர்ப் படம். லூன் தன் இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். ஏரியின் அடியில் அவற்றைத் தேடும்போது தூண்டிற்காரர் இழந்த ஈயக்குண்டும் கல்லென உட்செல்கிறது. சில வேளைகளில் தூண்டிலில் சிக்கிய மீனோடும் செல்கிறது. வயிற்றில் அது அரைபட்டுக் கரைய, சில வாரங்களில் பறவை இறக்கிறது. இறந்த லூன்களைப் படம்பிடித்தபோது, சாம்பல் நிற எலும்புகளுக்கிடையே பளிச்சென ஒரு வெண்புள்ளி தோன்றியது. நியூ ஹாம்ப்ஷயரில் 1975இல் தொடங்கப்பட்ட லூன் பாதுகாப்புக் குழுவினர் இறந்த பறவைகளை ஒவ்வொன்றாகச் சேகரித்து ஆராய்ந்தனர். அம்மாநிலத்தில் முதிர்ந்த லூன்களின் சாவுக்குத் தலையாய காரணம் ஈயமே என்று தெரிந்தது. நன்னீர் நிலைகளில் சிறு ஈயக்குண்டுகளுக்கு 2000ஆம் ஆண்டில் அங்கே தடை வந்தது; 2016இல் அத்தடை விரிவாக்கப்பட்டது. அந்த வெண்புள்ளி, ஆயிரம் அழகிய படங்களால் ஆகாத ஒன்றைச் செய்தது.

இவற்றால், அழகிய படமோ அழகிய பாடலோ வேண்டா என்று கொள்ளுதல் தவறாகும். ஏரி இரவில் எழும் நெடுங்குரலைக் கேட்டு மெய்சிலிர்க்காதவர், அப்பறவைக்காகப் பனியில் அமர்ந்திருக்கவும் மாட்டார். இறந்ததைச் சுமந்து ஆய்வுக்கூடத்திற்குச் செல்லவும் மாட்டார். வியப்பே தொடக்கம். தொடக்கத்திலேயே நின்றுவிடுவதுதான் குறை. பறவை தன்னை நோக்கித் திரும்பிய கணத்தில், இது தன்னால் நேர்ந்ததோ என்று கேட்டுத் துடுப்பைப் பின்னோக்கிப் போடும் கை, கருவியை இயக்கும் கையைக் காட்டிலும் அரியது. ஒரு நல்ல படம் கிட்டாமற் போகலாம். முட்டை குளிராது.

கோடை முடிந்ததும் பெற்றோர் முதலில் கடலை நோக்கிப் புறப்படுகின்றன. குஞ்சுகள் ஏரியிலேயே எஞ்சுகின்றன. எவரும் வழிகாட்டாமலே, நீர் உறைவதற்குச் சற்று முன்பாக, அவையும் நீரின்மேல் நெடுந்தூரம் ஓடி முதன்முறையாக நெடும்பயணம் எழுகின்றன. கடலில் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்த பின்னரே பலவும் வடபுலத்து ஏரிகளுக்குத் திரும்பும். முதிர்ந்த பறவைகளும் குளிர்காலத்தில் கட்டங்களும் செங்கண்ணும் மங்கிச் சாம்பல் நிறமாகின்றன. சிறகிறகு உதிர்த்துச் சில வாரங்கள் பறக்கவும் இயலாமல் அலைகளில் மிதக்கின்றன. அக்கோலத்தில் அவற்றைப் படம்பிடிக்க வருவோர் அரியர். நாணயத்தில் பொறிக்கப்பட்டதும் அக்கோலமன்று. ஆயினும் அதுவும் அதே பறவையே. அதன் வாழ்வில் பாதி அவ்வாறே கழிகிறது.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் கவிஞர்கள், காணும் கண்ணையும் கேட்கும் செவியையும் மேலும் பல்லாண்டு போற்றி வளர்ப்பார்களாக.